மனாஸ்லு சிகரத்துக்கு வழிகாட்டிக் குழுவுடன் செல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில், திபெத் எல்லைக்குச் சற்றுத் தெற்கே நிற்கும் மனாஸ்லு 8,163 மீட்டர் உயரமுள்ளது; உலகின் சிகரங்களில் எட்டாவது. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களில் ஒன்றையாவது ஏறிவிட வேண்டும் என்று முதன்முதலாகக் கிளம்புவோரில் பலர் இப்போது இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படிக் கிளம்ப எண்ணும் ஒருவர் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்படுகின்றன. குறிப்பிடப்படும் வழி, வடகிழக்குப் பக்கமாக ஏறும் வழக்கமான வழியே.

8,000 மீட்டர் சிகரங்களில் மனாஸ்லு எளிதானது என்கிறார்களே, அது உண்மையா?

பாறை ஏறும் திறமை அதிகம் தேவைப்படாத சிகரம் என்ற அளவில் உண்மை. வழக்கமான வழி பெரும்பாலும் பனியாற்றின் மீதும் பனிச்சரிவுகளின் மீதும் செல்கிறது. முதல் முகாமுக்கும் இரண்டாம் முகாமுக்கும் இடையில் பனிக்கட்டிச் சுவர்களும் அகன்ற பனிப்பிளவுகளும் உண்டு, அவற்றில் சிலவற்றை அலுமினிய ஏணிகளின் மேல் நடந்து கடக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் செங்குத்தான இடங்கள் இருந்தாலும், பொருத்தப்பட்ட கயிற்றைப் பிடித்து ஏறத் தெரிந்தவருக்கு அவை எட்டாதவை அல்ல.

ஆனால் இந்த மலையில் ஆட்களைக் கொன்றிருப்பது பெரும்பாலும் சரிவின் கடினம் அன்று, அதன் மேல் குவியும் பனிதான். 1972ஆம் ஆண்டு ஏப்ரலில் கொரியக் குழு ஒன்றின் முகாமைப் பனிச்சரிவு மூடியதில் பத்து ஷெர்பாக்கள் உட்படப் பதினைந்து பேர் இறந்தார்கள். 2012 செப்டம்பர் 23 அன்று விடியுமுன் மூன்றாம் முகாமில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது பனிச்சரிவு விழுந்து பதினொரு பேரைக் கொண்டுபோனது. 2022 செப்டம்பர் 26 அன்று நான்காம் முகாமுக்குக் கீழே மீண்டும் ஒரு பனிச்சரிவு வந்தது. அதே நாளில், உச்சியிலிருந்து பனிச்சறுக்கில் இறங்கத் தொடங்கிய அமெரிக்க வீராங்கனை ஹிலரி நெல்சனும் உயிரிழந்தார். இலையுதிர்காலத்தில் ஏறுபவர்கள் பருவமழையின் கடைசி வாரங்களைச் சந்தித்தே ஆகவேண்டும் என்பதால், மழையாகக் கீழே பெய்வது மேலே கனமான புதுப்பனியாகச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே எளிது என்ற சொல்லை விளம்பரத்தில் காணும்போது, யாருக்கு எளிது, யாருடைய உழைப்பால் எளிது என்று கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்த விடை அதைப் பற்றியது.

வழிகாட்டிக் குழு என்றால் சரியாக என்ன? நிறுவனம் எதைச் செய்யும், நான் எதைச் செய்ய வேண்டும்?

நேபாள அரசின் சுற்றுலாத் துறையிடமிருந்து ஏறும் அனுமதி பெறுவது, தடைசெய்யப்பட்ட எல்லைப்புறப் பகுதிக்கான தனி அனுமதி வாங்குவது, அடிவார முகாமுக்குப் பொருள்களைக் கொண்டுசேர்ப்பது, சமையல், கூடாரங்கள், ஆக்சிஜன், வானிலை அறிக்கை ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. அரசின் சார்பில் தொடர்பு அலுவலர் ஒருவரும் குழுவுக்கு நியமிக்கப்படுவார்.

மலையின் மேல் நடப்பதுதான் முக்கியம். பருவம் தொடங்கியதும் கயிறு பொருத்தும் அணி ஒன்று முன்னே சென்று, அடிவாரத்துக்கு மேலிருந்து உச்சி வரை கயிற்றைப் பனியில் பதித்துச் செல்லும். பின்னால் வரும் குழுக்கள் எல்லாம் அந்த ஒரே கயிற்றில்தான் ஏறும். கூடாரங்களையும் எரிவாயுவையும் சிலிண்டர்களையும் மேல் முகாம்களுக்குச் சுமப்பவர்கள் மலைத் தொழிலாளர்கள். நீங்கள் முகாமை அடைவதற்கு முன்பே அங்கே கூடாரம் நின்றிருக்கும், பனியை உருக்கித் தண்ணீர் வைத்திருப்பார்கள். 2025ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதிகளின்படி 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் இரண்டு பேருக்கு ஒரு வழிகாட்டியாவது இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் உச்சி நாளில் ஒருவருக்கு ஒருவர் என்றே தருகின்றன.

உங்களிடம் மீதமிருப்பது உங்கள் உடலை மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவரும் வேலை. காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்களான கிராம்பானை நீங்களே மாட்டவும், பனியில் கையுறையைக் கழற்றாமல் ஜூமாரையும் (கயிற்றைப் பற்றி ஏற உதவும் பிடி) காரபினரையும் (கயிற்றோடு இணைக்கும் உலோகக் கொக்கி) ஒரு கயிற்றிலிருந்து அடுத்த கயிற்றுக்கு மாற்றவும், கயிற்றில் தொங்கி இறங்கவும், மூச்சு முட்டினாலோ விரல் மரத்தாலோ மறைக்காமல் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். இவை தெரியாதவர் தம் உயிரோடு தமக்கு நியமிக்கப்பட்ட ஷெர்பாவின் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.

முன் அனுபவம் எவ்வளவு வேண்டும்?

எந்த அனுபவமும் தேவையில்லை என்று சொல்லும் நிறுவனத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இந்தியாவில் இருப்பவருக்கு முறையான பாதை ஒன்று இருக்கிறது, அது மலிவானதும்கூட. டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கப்பட்ட இமாலய மலையேற்றக் கழகம், உத்தரகாசியில் 1965இல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்றக் கழகம், மணாலியிலும் பஹல்காமிலும் உள்ள கழகங்கள் ஆகியவற்றில் ஏறத்தாழ நான்கு வாரம் நீளும் அடிப்படைப் பயிற்சி உண்டு. அதில் ‘ஏ’ தரம் பெற்றவர்களே உயர்நிலைப் பயிற்சியில் சேர முடியும். வெளிநாட்டுத் தனியார் பயிற்சிகளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவற்றின் கட்டணம் மிகக் குறைவு. இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம்.

அதன் பிறகு படிப்படியாக உயரத்தைக் கூட்டுவதே முறை. முதலில் 6,000 மீட்டர் அளவில் ஒரு சிகரம். நேபாளத்தின் மேரா சிகரம் (6,476 மீட்டர்) இதற்கு அதிகம் நாடப்படுவது. அடுத்தது 7,000 மீட்டரைத் தாண்டும் ஒன்று: லடாக்கின் நுன் (7,135 மீட்டர்), குன் (7,077 மீட்டர்), உத்தராகண்டின் சதோபந்த் (7,075 மீட்டர்) போன்றவை. இந்தியச் சிகரங்களுக்கான அனுமதியை தில்லியிலுள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளை வழங்குகிறது. ஏழாயிரம் மீட்டரில் ஓர் இரவைக் கழித்தவருக்கு, பசியும் தூக்கமும் இல்லாத நிலையில் தம் உடலும் புத்தியும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது தெரிந்திருக்கும். அந்த அறிவை வேறு எந்த வழியிலும் பெற முடியாது. நுன்னையோ சதோபந்தையோ தவிர்த்துவிட்டு நேரே மனாஸ்லுவுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, போகலாம், ஆனால் போகாதீர்கள் என்பதே என் விடை.

சமவெளியில் வசிப்பவர் எப்படி உடலைத் தயார் செய்வது?

உயரத்துக்குப் பழகுவதைச் சமவெளியில் இருந்தபடி செய்ய முடியாது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். மனாஸ்லுவின் அடிவார முகாம் ஏறத்தாழ 4,800 மீட்டரில் இருக்கிறது. ஆகவே ஊரில் செய்யக்கூடியது, நீண்ட நேரம் தளராமல் உழைக்கும் நெஞ்சையும் கால்களையும் உண்டாக்கிக்கொள்வது மட்டுமே.

அதற்கு வாரத்தில் நான்கைந்து நாள் மெதுவான நீண்ட ஓட்டம் அல்லது மிதிவண்டி, இரண்டு நாள் கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றுக்கான எடைப் பயிற்சி, வார இறுதியில் 15 கிலோ முதுகுச் சுமையுடன் ஐந்தாறு மணி நேர மலை நடை என்று எட்டு மாதமாவது தொடர வேண்டும். கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு வெள்ளியங்கிரியும், திருவண்ணாமலைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பருவதமலையும் நல்ல பயிற்சிக் களங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் தொடைகள் அதிகம் அடிபடுகின்றன என்பதால், சுமையோடு இறங்கியும் பழக வேண்டும். மலையே இல்லாத ஊரில் பத்து மாடிக் கட்டடத்தின் படிக்கட்டு போதும். காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம்.

இதய நோய், ஆஸ்துமா, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் உயரமான இடங்களின் மருத்துவம் அறிந்த மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். நிறுவனம் தரும் உடல்நிலைப் படிவத்திலும் அதை மறைக்காதீர்கள்.

எந்த மாதத்தில் செல்வது? மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

பெரும்பாலான குழுக்கள் செப்டம்பர் தொடக்கத்தில் காத்மாண்டுவில் கூடி, அந்த மாதக் கடைசியிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ உச்சிக்கு முயல்கின்றன. பயணம் முழுவதற்கும் ஐந்து வாரங்களையாவது ஒதுக்க வேண்டும். அலுவலகத்தில் மூன்று வாரத்துக்கு மேல் விடுப்புக் கிடைக்காது என்றால், கிடைக்கும் ஆண்டு வரை பொறுத்திருப்பதே உசிதம்.

அடிவாரம் வரை எப்படிச் செல்வார்கள்? ஹெலிகாப்டரில் நேரே போய்விடலாமா?

மனாஸ்லுவின் கடைசிப் பெரிய கிராமம் சாமாகாவுன், ஏறத்தாழ 3,500 மீட்டரில். காத்மாண்டுவிலிருந்து சாலை வழியாகப் புடி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கை அடைந்து, ஜகத், தேங், நாம்ருங், லோ என்று ஊர் ஊராக ஒரு வாரம் நடந்து அங்கே சேரலாம். ஹெலிகாப்டர் வசதியும் உண்டு. செப்டம்பரில் மழை, நிலச்சரிவு காரணமாகப் பலர் அதையே விரும்புகிறார்கள்.

காத்மாண்டு 1,400 மீட்டரில் உள்ளது. அங்கிருந்து ஒரே நாளில் 3,500 மீட்டரில் போய் இறங்கும் உடலுக்குத் தலைவலியும் வாந்தியும் தூக்கமின்மையும் வரக்கூடும். பறந்தே செல்பவர் சாமாகாவுனில் மூன்று நான்கு நாள் தங்கிப் பழக வேண்டியிருப்பதால், மிச்சமாகும் நாள்கள் நினைத்த அளவு இரா. நடந்து செல்பவருக்குப் பழகுதல் தானாகவே நடந்துவிடும். காலும் மலைக்குத் தயாராகிவிடும். நாள் இருப்பவர்கள் நடந்தே செல்லட்டும் என்பது என் கருத்து.

சாமாகாவுன் மக்களைப் பற்றியும் ஒரு சொல். 1953இல் ஜப்பானியக் குழு ஒன்று இந்த மலையில் முயன்று திரும்பியபின், ஊருக்கு மேலிருந்து வந்த பனிச்சரிவு மடாலயம் ஒன்றை அழித்துப் பதினெட்டுப் பேரைக் கொன்றது. தெய்வங்களின் சினமே காரணம் என்று கருதிய ஊரார், 1954இல் வந்த அடுத்த குழுவை வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அக்குழு கணேஷ் ஹிமால் என்ற வேறு மலைக்குப் போகவேண்டியதாயிற்று. கடைசியில் 1956 மே 9 அன்று தோஷியோ இமானிஷியும் ஷெர்பா கியால்சென் நோர்புவும் உச்சியை அடைந்தார்கள். அடிவார முகாமில் லாமா வந்து நடத்தும் பூஜைக்கு முன் யாரும் மலையில் கால் வைப்பதில்லை. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஒழுங்காக உட்கார்ந்து முடியும் வரை இருங்கள்.

ஒரே மூச்சில் ஏறாமல் ஏன் பலமுறை ஏறி இறங்குகிறார்கள்?

அடிவார முகாமிலேயே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டும். உச்சியில் அது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். இந்தக் குறைவை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சுவிடுகிறது, சிறுநீரகத்தின் வழியாக இரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்கிறது, நாளடைவில் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. இவையெல்லாம் நடக்க நாள்கணக்கும் வாரக்கணக்கும் ஆகும்.

ஆகவே ஏறத்தாழ 5,700 மீட்டரில் உள்ள முதல் முகாமில் ஓரிரவு, 6,300 மீட்டர் அளவில் உள்ள இரண்டாம் முகாமில் ஓரிரவு, பிறகு 6,800 மீட்டர் அளவில் உள்ள மூன்றாம் முகாமைத் தொட்டுவிட்டு அடிவாரத்துக்கு இறங்கி ஓய்வு என்று குழுவை நடத்துவார்கள். முகாம்களின் இடம் பனியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்காண்டு மாறும். ஓய்வுக்குப் பின், காற்று அடங்கும் நாள்களை வானிலை அறிக்கையில் கண்டு, நான்கைந்து நாளில் 7,400 மீட்டர் அளவில் உள்ள நான்காம் முகாம் வரை ஏறி, அங்கிருந்து நள்ளிரவுக்குப் பின் உச்சிக்குக் கிளம்புவார்கள்.

நுரையீரலில் நீர் கோப்பதும் மூளை வீங்குவதும் உயரத்தின் உயிர்கொல்லி நோய்கள். படுத்தால் மூச்சு முட்டுதல், நுரைச் சளி, நேர்க்கோட்டில் நடக்க முடியாமை, பேச்சுக் குழறல் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். அசிட்டசோலமைடு, டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் போன்ற மருந்துகள் குழுவின் மருந்துப் பெட்டியில் இருக்கும். அவை இறங்குவதற்கு வேண்டிய நேரத்தை வாங்கித் தருபவை மட்டுமே. உடனே உயரம் குறைவதுதான் சிகிச்சை, அது இரவு இரண்டு மணியானாலும்.

ஆக்சிஜன் எவ்வளவு தேவைப்படும்?

இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். நிறுவனம் சொல்லும் எண்ணிக்கை சரிதானா என்று அறிய அதுவே வழி. பரவலாகப் பயன்படும் சிலிண்டர் 4 லிட்டர் கொள்ளளவும் 300 ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) அழுத்தமும் உள்ளது. ஆகவே அதில் 1,200 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று வைத்தால் 10 மணி நேரம் வரும். நிமிடத்துக்கு 4 லிட்டர் என்றால் 5 மணி நேரம்தான்.

மூன்றாம் முகாமிலிருந்து நான்காம் முகாமுக்கு 7 மணி நேரம் ஆகும் என்றால், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 840 லிட்டர். நான்காம் முகாமில் நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் 6 மணி நேர ஓய்வுக்கு 180 லிட்டர். உச்சிக்குப் போய்த் திரும்ப, மீண்டும் 2 லிட்டர் வீதம், 12 மணி நேரத்துக்கு 1,440 லிட்டர். கூட்டினால் 2,460 லிட்டர். இரண்டு சிலிண்டர்களுக்கு மேலேயே போய்விடுகிறது. மெதுவாக நடப்பவருக்கும், கூட்டத்தில் காத்து நிற்பவருக்கும் இன்னும் கூடும். எனவே ஒருவருக்கு மூன்றுக்குக் குறைவாகத் தரும் திட்டத்தில் சேர வேண்டாம். உங்களோடு வரும் ஷெர்பாவுக்கும் தனியே சிலிண்டர் உண்டா, ஆக்சிஜன் வரும் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் முகமூடியும் உதிரியாக மேல் முகாமில் இருக்குமா என்றும் கேளுங்கள். ரெகுலேட்டர் உறைந்து அடைத்துக்கொள்வது புதுமை அன்று.

மொத்தச் செலவு எவ்வளவு?

நேபாள நிறுவனங்கள் பொதுவாக 12,000 முதல் 20,000 அமெரிக்க டாலர் வரை கேட்கின்றன. மேலைநாட்டு வழிகாட்டிகள் நடத்தும் குழுக்களில் அதைவிட மிகவும் அதிகம். அரசு அனுமதிக் கட்டணம் இதில் அடக்கமா என்று எழுத்தில் பெறுங்கள். 2025 செப்டம்பர் முதல் நேபாளம் கட்டணங்களை உயர்த்திவிட்டது. எவரெஸ்ட்டுக்கு வசந்தகாலத்தில் 11,000 டாலராக இருந்தது 15,000 ஆனது, மற்றச் சிகரங்களுக்கும் ஏறியது. பழைய விலைப்பட்டியலை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். சிகரம் ஏறும் கட்டணத்தில் இந்தியர்களுக்குச் சலுகை கிடையாது.

நிறுவனத்தின் தொகைக்கு வெளியே உங்கள் கையிலிருந்து போகும் பெரிய செலவு உடை, காலணி. மிக உயரத்துக்கான காலணி ஒன்றே ஆயிரம் டாலர் அளவில் இருக்கும். பறவை இறகு நிரப்பிய முழுஉடல் இறகுடை, கையுறைகள், கடுங்குளிருக்கான உறங்குபை ஆகியவை தனி. இறகுடையையும் உறங்குபையையும் காத்மாண்டுவின் தமேல் கடைவீதியில் வாடகைக்கு எடுக்கலாம். காலணியை மட்டும் சொந்தமாக வாங்கி, முன்பே ஒரு சிகரத்தில் அணிந்து பழகியிருங்கள்.

நிறுவனத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

விலையையும் வலைத்தளப் படங்களையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களே அதிகம். வெற்றி விகிதம் என்று ஓர் எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த எண் எத்தனை பேரைக் கொண்டது, உச்சி என்று எதை எண்ணியிருக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு வேறு திசையில் போகும்.

நான் கேட்கச் சொல்பவை வேறு. குழுத் தலைவரின் பெயர் என்ன, அவருக்குப் பன்னாட்டு மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் சான்று உண்டா, இல்லையெனில் நேபாள மலையேற்றச் சங்கத்தின் பயிற்சி உண்டா? எனக்கு நியமிக்கப்படும் ஷெர்பா இதற்கு முன் மனாஸ்லு ஏறியிருக்கிறாரா? உச்சி நாளில் எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்கிறீர்களா, அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு? புதுப்பனி விழுந்தால் எத்தனை நாள் காத்திருப்பீர்கள்? மூன்றாம் முகாமை எந்த இடத்தில் போடுவீர்கள், ஏன்? கடைசிக் கேள்விக்கு 2012ஐ நினைவில் வைத்து விடை சொல்பவர் மலையை அறிந்தவர்.

அடுத்தது தொழிலாளர்களைப் பற்றியது. எவரெஸ்ட்டில் 2014 ஏப்ரல் 18 அன்று பனி சரிந்து நேபாளத் தொழிலாளர்கள் பதினாறு பேர் இறந்த பிறகு, மலைத் தொழிலாளர்களின் கட்டாய உயிர்க்காப்பீடு 10 லட்சம் நேபாள ரூபாயிலிருந்து 15 லட்சமாக உயர்த்தப்பட்டது; 2025இல் அது மீண்டும் கூட்டப்பட்டது. இந்திய மதிப்பில் அந்த 15 லட்சம் ஏறத்தாழ 9.4 லட்சம் ரூபாய். ஒரு குடும்பம் அதை வைத்து எத்தனை ஆண்டு ஓட்ட முடியும்? சட்டம் கேட்பதற்கு மேல் காப்பீடு எடுக்கிறார்களா, மேல் முகாமுக்கு ஒருவர் எத்தனை கிலோ சுமப்பார், அவருக்கு நல்ல காலணியும் உறங்குபையும் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். மற்ற நிறுவனங்களைவிட மூவாயிரம் டாலர் குறைவாக ஒருவர் தருகிறார் என்றால், அனுமதிக் கட்டணத்தில் அதைக் குறைக்க முடியாது. ஆக்சிஜனிலோ ஆட்களின் கூலியிலோதான் குறைத்திருப்பார்.

காப்பீடு எப்படி எடுப்பது?

சாதாரண வெளிநாட்டுப் பயணக் காப்பீடு மலையேற்றத்தை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். 8,000 மீட்டருக்கு மேல் ஏறுவதையும் ஹெலிகாப்டர் மீட்பையும் பெயர் சொல்லி ஏற்கும் காப்பீடு வேண்டும். தேவையே இல்லாத மீட்புகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் கறந்த மோசடியை நேபாள அரசு 2018இல் விசாரித்தது. அதன் பிறகு காப்பீட்டாளர்கள் கெடுபிடியாக இருக்கிறார்கள். ஹெலிகாப்டரை அழைக்கும் முன் அவர்களின் ஒப்புதல் எண்ணைப் பெற வேண்டிய முறையைக் குழுத் தலைவரிடமும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும். சோறும் பருப்பும் காய்கறியும் சேர்ந்த டால் பாத் வழியெங்கும் உண்டு; அடிவார முகாம் சமையற்காரர்கள் நன்றாகவே சமைப்பார்கள். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 84 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் வேகாது. இரண்டாம் முகாமுக்கு மேல் சைவம், அசைவம் என்ற கேள்வியே எழாது. எதைப் பார்த்தாலும் குமட்டும். ஊறுகாய், பருப்புப்பொடி, கடலை மிட்டாய், சத்துமாவு என்று நாக்குக்குப் பழகியவற்றைக் கொஞ்சம் எடுத்துச் செல்லுங்கள். தண்ணீரோ நாளுக்கு நான்கு லிட்டர், தாகம் எடுக்காவிட்டாலும்.

பெண்கள் செல்வதில் தனியான இடர்கள் உண்டா?

உயரம் ஆண், பெண் பார்ப்பதில்லை. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் பெண்கள் முதன்முதலாக ஏறியதே மனாஸ்லுவில்தான்: 1974 மே 4 அன்று ஜப்பானியப் பெண்கள் மூவர் உச்சியை அடைந்தார்கள். நடைமுறையில் கவனிக்க வேண்டியவை: கூடாரத்தை யாரோடு பகிர்வது என்பதை முன்பே பேசி முடிவு செய்வது, கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்பவர் இரத்தம் உறையும் அபாயம் குறித்து மருத்துவரிடம் கேட்பது, இறகுடையின் பின்புற ஜிப்பைக் கையுறையோடு திறந்து பழகுவது.

உச்சி எது என்பதில் சர்ச்சை இருந்ததாமே?

இருந்தது, இப்போது தீர்ந்துவிட்டது. மனாஸ்லுவின் உச்சி முகடு கூரான பல மேடுகளைக் கொண்டது. பல ஆண்டுகளாக, கயிறு முன்மேடு ஒன்றோடு நின்றுவிடும். அங்கே கொடி பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் ஏராளம். அதற்கு அப்பால் சில மீட்டரே உயர்ந்த மெய்யான உச்சிக்குச் செல்லும் முகடு கத்திமுனையாக இருந்ததால், பெரும்பாலோர் போகவில்லை. 2021 செப்டம்பரில் மிங்மா கியால்ஜே ஷெர்பாவின் குழு முகட்டுக்குக் கீழாகக் குறுக்கே சென்று மெய்யான உச்சியை அடைந்தது. அதை ஜாக்சன் குரோவ்ஸ் என்பவர் டிரோன் மூலம் எடுத்த படம், முன்மேட்டில் நிற்பவர்களையும் உச்சியில் நிற்பவர்களையும் ஒரே சட்டத்தில் காட்டியது. அதன் பிறகு மறுப்பதற்கு எதுவும் இல்லை. ஏற்றங்களைப் பதிவு செய்யும் இமாலயத் தரவுத்தளம் 2022 முதல் மெய்யான உச்சியை அடைந்தவர்களையே உச்சி ஏறியவர்களாகக் கணக்கில் கொள்கிறது.

உங்கள் நிறுவனம் கயிற்றை எதுவரை பொருத்துகிறது, அந்தக் கடைசிக் குறுக்கு வழிக்கு வேண்டிய நேரமும் ஆக்சிஜனும் திட்டத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். போக முடியாமல் முன்மேட்டிலேயே திரும்பினால் அப்படியே சொல்லிவிடுவது நாணயம். எவரெஸ்ட்டில் ஏறியதாகப் போலிப் படம் காட்டிய இந்தியத் தம்பதியர் இருவருக்கு 2016இல் நேபாள அரசு பத்தாண்டு மலையேறத் தடை விதித்ததையும் நினைவில் கொள்க.

இந்தியர்களுக்கு விசா வேண்டுமா?

வேண்டாம். விமானத்தில் செல்வோர் கடவுச்சீட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ காட்டலாம். ஏறும் அனுமதிக்குக் கடவுச்சீட்டே வசதி.

ஷெர்பாவுக்குத் தனியாகப் பணம் தர வேண்டுமா?

தர வேண்டும். உச்சி ஊக்கத்தொகை என்று ஒரு தொகையை ஒப்பந்தத்திலேயே பல நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. சமையற்காரர்களுக்கும் உதவியாளர்களுக்கும் முடிவில் அன்பளிப்பு தருவது வழக்கம். உச்சியை அடைந்தால் மட்டுமே ஊக்கத்தொகை என்ற முறையில் ஒரு கேடு இருக்கிறது: திரும்பலாம் என்று சொல்ல வேண்டிய மனிதருக்கு, சொன்னால் கூலி குறையும். ஆகவே உச்சி கிட்டினாலும் கிட்டாவிட்டாலும் முழுத் தொகையும் தருவேன் என்று, மலைக்கு மேலே போகும் முன்பே, அடிவார முகாமில் அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். உங்கள் பாதுகாப்புக்கு நீங்கள் செய்யக்கூடிய செலவுகளில் இதற்கு இணையானது குறைவு.

உச்சியை அடையாமல் திரும்பினால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. வானிலை, பனி, உங்கள் உடல்நிலை, குழுத் தலைவரின் முடிவு என எந்தக் காரணத்தால் திரும்பினாலும் கட்டணம் திரும்ப வராது. அனுமதிக் கட்டணத்தையும் அரசு திருப்பித் தருவதில்லை. சில நிறுவனங்கள் அடுத்த ஆண்டு வருபவருக்குக் கட்டணத் தள்ளுபடி தருகின்றன. அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புறப்படுவதற்கு முன்பே விலக நேர்ந்தால் முன்பணத்தில் எவ்வளவு கழியும், எந்தத் தேதி வரை கழியும் என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். கடன் வாங்கிப் போகிறவர்கள், திருப்பித் தர வேண்டிய அந்தத் தொகையை 7,900 மீட்டரில் நின்று நினைத்துப் பார்க்கும் நிலைக்குத் தம்மை ஆளாக்கிக்கொள்ளாமல், இழந்தாலும் தாங்கக்கூடிய பணத்தைக் கொண்டே கிளம்ப வேண்டும்.